கான்பெராவில் எழுந்த நடுகல்

எவருக்கும் அஞ்சாத, எதையும் முடித்துவிடும் ஆளைச் சுட்ட 'அவன் பெரிய எம்டன்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தை நெருங்கி எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்துவிட்டு மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. நமக்கு அக்கப்பல் ஒரு சொல்லாக எஞ்சியது. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளருகே அதனை வீழ்த்தியது 'சிட்னி' என்னும் ஆஸ்திரேலியக் கப்பல். ஆகவே அந்நாட்டாருக்கு அது பொருளாகவே எஞ்சியது. எம்டனின் பீரங்கி ஒன்று கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. நவீனப் போர் வரலாற்றுக்கென எழுந்த அருங்காட்சியகங்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்க இந்நினைவகம் யாரிடம் எதை இரந்து பெற்று எழுந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நடுகல் எடுக்கும் முறையைத் துறை துறையாகப் பகுத்த தொல்காப்பியர், கல்லை நடுவதற்கு முன்பே அதனைக் கண்டு தேர்வதையும் கொணர்வதையும் தனித்தனியே எண்ணுகிறார். நட்ட கல்லைப் பாடுவோர் பலர். கல் சுமந்தவரைப் பாடுவோர் அரியர். இங்கே கல் சுமந்தவர் இருவர்.

முதலாமவர் சார்லஸ் பீன். ஆஸ்திரேலிய அரசின் போர்ச் செய்தியாளராக 1915 ஏப்ரல் 25இல் கலிப்போலிக் கரையில் இறங்கியவர். பின்னர் அப்படையுடனே பிரான்சுக்கும் சென்றவர். 1916இன் கோடையில் பொசியேர் என்னும் சிற்றூரைச் சூழ்ந்த போரில் ஆறு வாரங்களுக்குள் ஏறத்தாழ 23,000 ஆஸ்திரேலியர் மாண்டோ புண்பட்டோ வீழ்ந்தனர். அந்த மண்ணில் நின்றபோதுதான் நினைவகம் பற்றிய எண்ணம் அவருள் வேர்விட்டது. உயிர் தப்பிய வீரர்கள் தலைக்கவசங்களையும் பொத்தான்களையும் தம் பைகளில் திணித்துக்கொள்வதை அவர் கவனித்திருந்தார். இவற்றைத் தனித்தனி வீடுகளுக்குச் சிதறவிடாமல் நாட்டுக்கெனக் கேட்டுப் பெறலாகாதா என்பது அவர் வினா.

இரண்டாமவர் ஜான் ட்ரெலோர். 1917 மே மாதம் இலண்டனில் ஆஸ்திரேலியப் போர் ஆவணப் பிரிவு தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பை ஏற்ற இவருக்கு வயது 22. நாளை உயிரோடிருப்போமா என்றறியாத படையினரிடம் நாட்குறிப்பைச் செவ்வையாக எழுதுங்கள், கண்டெடுத்த பொருளைச் சீட்டுக் கட்டி அனுப்புங்கள் என்று வேண்டுவது எளிய செயலன்று. ஆயினும் ஏறத்தாழ 25,000 பொருள்கள் சேர்ந்தன. அவற்றை 'வெற்றிச் சின்னங்கள்' என்றழைப்பதைப் பீன் விரும்பவில்லை. 'எச்சங்கள்' என்னும் பொருள்பட்ட சொல்லையே கையாண்டார். சொல்தேர்வில் இத்துணை நாணம் காட்டிய போர் வரலாற்றாசிரியர் அரியர்.

கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தில் இன்னொரு செய்தியையும் விரித்துச் சொல்ல ஆசை. 1917இல் புகைப்படக் கலைஞராக வந்து சேர்ந்தார் பிராங்க் ஹர்லி. போர்க்களத்தை ஒரே படத்துள் அடக்க முடியாது என்பது அவர் கட்சி. வெடிக்கும் குண்டை ஒரு படத்திலிருந்தும், பாயும் வீரரை வேறொன்றிலிருந்தும், வானத்தைப் பிறிதொன்றிலிருந்தும் எடுத்து இணைத்து ஒரே காட்சியாக்கினார். பீனுக்கு அது பொய். ஹர்லி பணி துறப்பதாகவே மிரட்டினார். இறுதியில் 1918 இலண்டன் கண்காட்சிக்குச் சில இணைப்புப் படங்கள் மட்டும் அனுமதிக்கப்பெற்றன. என் மனம் பீன் பக்கமே சாய்கிறது. எனினும் அவரே பின்னர் விரும்பி அமைக்கச் செய்த போர்க்களச் சிற்றுருக் காட்சிகள் சிற்பியின் கற்பனை கலவாமல் உருவானவையா? உண்மையைக் காட்டப் புனைவின் துணையை நாடாதவர் யார்!

பொருள்கள் சேர்ந்தன, கட்டடம் சேரவில்லை. 1922இல் மெல்போர்னிலும் 1925 முதல் சிட்னியிலும் இரவல் கூரையின் கீழ்க் காட்சி நடந்தது. 1925இல் சட்டம் நிறைவேறியது. 1927இல் நடந்த கட்டட வடிவப் போட்டியில் செலவு இரண்டரை இலட்சம் பவுனுக்கு மேற்படலாகாது என்று வரம்பு விதித்தனர். எவரும் வெல்லாததால் சோடர்ஸ்டன், கிரஸ்ட் என்னும் இருவரையும் இணைந்து வரையச் செய்தனர். 1929இல் அடிக்கல் நட்டதும் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. பணி ஆண்டுக்கணக்கில் நின்றது.

அந்த வறட்சிக் காலத்தில் இயக்குநர் ட்ரெலோர் நூல் வணிகராகவே மாறினார் எனலாம். பீன் பதிப்பித்த பன்னிரு தொகுதிப் போர் வரலாற்றையும் போர் ஓவியப் படிகளையும் வீடுதேடிச் சென்று விற்கச் செய்தார். அத்துடன், இறந்த வீரரின் உறவினர்க்கு மடல் எழுதி, அவர்தம் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் நினைவகத்திற்குத் தரும்படி வேண்டினார். பணம் கேட்பதைவிட இது கடினமானது. மகன் எழுதிய கடைசிக் கடிதத்தைத் தபாலில் இட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய தாயை எண்ணிப் பார்க்கிறேன்.

என் பாட்டனாரின் தமையனார் அதே போரில் மெசபட்டோமியா சென்று திரும்பாதவர். அவர் எழுதிய இரண்டு அஞ்சலட்டைகளை என் பாட்டி அரிசிப் பானையின் அடியில் வைத்திருந்தார். அவற்றைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு எந்த மடலும் வரவில்லை. பாட்டி மறைந்த ஆண்டு வீட்டைச் சுத்தம் செய்தபோது பழைய தாள்களோடு அவையும் எடைக்குப் போயின. நான் அப்போது கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயின்றுகொண்டிருந்தேன். கரந்தைத் திணைக்குத் தேர்வெழுதியவள் அதைத் தடுத்திருக்க வேண்டும்.

நினைவகம் 1941 நவம்பர் 11ஆம் நாள் திறக்கப்பெற்றது. முதற்போரின் நினைவுக்கென்று தொடங்கிய மாளிகை முடிவதற்குள் இரண்டாம் போர் மூண்டிருந்தது. ட்ரெலோர் அவ்விழாவில் இல்லை. மத்தியக் கிழக்கில் அடுத்த போரின் எச்சங்களைத் திரட்டிக்கொண்டிருந்தார்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். 2018இல் ஏறத்தாழ 50 கோடி டாலர் விரிவாக்கம் அறிவிக்கப்பட்டபோது இத்துணைச் செலவு தகுமா என்று அந்நாட்டு வரலாற்றறிஞர் பலர் எதிர்த்தனர். படைக்கலம் செய்யும் நிறுவனங்களிடம் நினைவகம் நன்கொடை பெறுவதும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. குடியேறிகளுக்கும் அம்மண்ணின் ஆதிக்குடிகளுக்கும் இடையே நிகழ்ந்த எல்லைப்போர்களுக்கு அங்கே நெடுங்காலம் உரிய இடமில்லை. அதனை விரிவாகக் காட்டப்போவதாக நிருவாகக் குழு 2022இல்தான் அறிவித்தது. நினைவகத்தின் பெயர்ச்சுவர்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர்கள் உள. படைத்தலைவன், கடைநிலை வீரன் என்ற பதவிக் குறிப்பு எதுவுமின்றி, சாவில் யாவரும் சமம் என்னும் முறையில் பொறிக்கப்பெற்ற அப்பெயர்களிடையே, தம் நிலத்தைக் காக்க அந்நிலத்திலேயே மாய்ந்த அந்த ஆதிக்குடியினரின் பெயர்கள் இல்லை.