உயிரணுவுக்குள் ஒரு விளக்கு

1883ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் ஒரு விந்தையை எழுதிவைத்தார். உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளை இதயம், குழாய்நீரில் கரைத்த உப்புக் கரைசலில் நெடுநேரம் துடித்தது. காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்தபோது விரைவில் ஓய்ந்தது. லண்டன் குழாய்நீரில் இருந்த கால்சியமே காரணம். ஆனால், தசைக்குள் அது என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் காண மேலும் எண்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

ஒசாமு ஷிமோமுராவும் சகாக்களும் 1962இல் ஜெல்லிமீனிலிருந்து எக்வொரின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். கால்சியம் பட்டால் அது ஒளிரும். 1967இல் ரிட்ஜ்வேயும் ஆஷ்லியும் கடற்பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசின் தசை இழைக்குள் அதை ஊசியால் ஏற்றினார்கள். தசை சுருங்கும் முன்னர் ஒளி எழுந்தது. மிகப் பருத்த இழை என்பதால் அது ஊசியைத் தாங்கியது. நம் உடலின் சிறு உயிரணுக்கள் அப்படித் தாங்குபவை அல்ல.

கேம்பிரிட்ஜில் இருந்த இளம் வேதியியலாளர் ரோஜர் சியென் இங்கேதான் வருகிறார். கால்சியத்தைப் பற்றும் மூலக்கூறுகளை அவர் செய்தார். அவற்றின் மின்னூட்டமோ உயிரணுச் சவ்வைக் கடக்க விடாது. 1981இல் அவர் கண்ட வழி எளிமையானது: மின்னூட்டத்தை எஸ்டர் என்னும் போர்வையால் மறைப்பது. மறைந்த மூலக்கூறு தானாகவே உள்ளே நுழையும். உயிரணுவின் நொதிகள் போர்வையைக் கழற்றிவிடும். மின்னூட்டம் மீண்ட மூலக்கூறு வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடும். ஊசி தேவையில்லை.

ஆயினும் ஒரு சங்கடம் எஞ்சியது. ஓய்ந்திருக்கும் உயிரணுவுக்குள் தனித்துலவும் கால்சியம், வெளியே இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். சியெனின் முதல் சாயமான குவின்-2 மங்கலாக ஒளிர்ந்ததால் அதை அதிகம் ஏற்ற வேண்டியிருந்தது. அளக்க வந்த சாயமே கால்சியத்தைப் பற்றி, காண வேண்டிய அலையைத் தணித்தது. 1985இல் வந்த ஃபியூரா-2 சுமார் முப்பது மடங்கு பிரகாசமானது. குறைவாக ஏற்றினாலே போதும்.

1997இல் சியெனின் குழு சாயத்தையே கைவிட்டு, உயிரணு தன் மரபணுவிலிருந்து தானே ஆக்கிக்கொள்ளும் ‘கமீலியன்’ புரதங்களைப் படைத்தது. அவற்றின் ஒளிப் பகுதிகளுக்கு மூலம், எக்வொரினைத் தந்த அதே ஜெல்லிமீனின் பச்சைப் புரதம். அப்புரதத்துக்காக 2008இல் ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, சியென் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆனால் குவின்-2 எழுப்பிய கேள்வி முடிந்துவிடவில்லை. கால்சியத்தைக் காட்டும் எந்தப் பொருளும் முதலில் அதைப் பற்றியாக வேண்டும். அந்தக் குறுக்கீட்டை எவ்வளவு குறைக்கலாம் என்பதே இத்துறையின் வரலாறு.