ஈஸ்ட்மன் மாளிகையும் தமிழ்த் திரை வரலாற்றின் சான்றுச் சிக்கலும்

திருப்பதியை அடுத்த சந்திரகிரிக் கோட்டையுள் இராஜமகால் என்னும் அரண்மனை நிற்கிறது. விசயநகர அரசர்களின் கடைக்காலத் தலைநகரில் எழுந்த இம்மூன்று நிலை மாளிகை மரம் பயன்படுத்தாது செங்கல், கல், சுண்ணம் ஆகியவற்றால் கட்டப்பெற்றது. இந்தியத் தொல்லியல் துறை இதனை அருங்காட்சியகமாகப் பேணிவருகிறது. சிலைகளை அங்குக் காணலாம். அரசர் எவ்வறையில் உண்டார், எவ்வறையில் உறங்கினார் என்பதை மட்டும் சுவர்களைக் கொண்டு உய்த்துணர வேண்டியுள்ளது.

இதற்கு நேர்மாறான ஓர் அருங்காட்சியக மாளிகை அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் உள்ளது. கோடக் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஈஸ்ட்மன் (1854-1932) வாழ்ந்த இல்லம் அது. உலகின் பழமையான ஒளிப்பட அருங்காட்சியகமாகப் போற்றப்பெறும் அந்நிறுவனத்தின் வரலாறு, தமிழ்த் திரை வரலாறு எழுதுவோர்க்கும் உரியதொரு செய்தியைத் தன்னகத்தே கொண்டுள்ளது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈஸ்ட்மன் இளமையில் தந்தையை இழந்தவர். பதினான்காம் அகவையில் பள்ளியை விட்டுப் பணிக்குச் சென்றவர். வங்கி எழுத்தராக இருந்தபோது ஒளிப்படக் கலையில் ஈடுபாடு கொண்டார். அக்காலத்தில் படமெடுக்கச் செல்வோர் கண்ணாடித் தகடு, வேதிப்பொருள், கூடாரம் எனப் பெருஞ்சுமையுடன் செல்ல வேண்டியிருந்தது. அச்சுமையைக் குறைப்பதே அவர்தம் வாழ்நாள் முயற்சியாயிற்று. 1880இல் உலர்தகடுகளை விற்பனைக்கு உருவாக்கினார். 1888இல் வெளிவந்த கோடக் கருவியின் விலை 25 டாலர். நூறு படங்கள் எடுத்தபின் கருவியையே ராச்செஸ்டருக்கு அனுப்பிவிடலாம். படங்களை அச்சிட்டுப் புதுச்சுருள் இட்டுத் திருப்பி அனுப்புவர். 1889இல் ஒளி ஊடுருவும் செல்லுலோசு நைட்ரேட் படச்சுருள் வந்தது. திரைப்படம் பிறத்தற்கு இச்சுருளே வழிவகுத்தது.

மாளிகை 1902 முதல் 1905 வரை கட்டப்பெற்றது. மணம் செய்துகொள்ளாத அவர் தம் தாயுடன் அங்குக் குடியேறினார். இசைஞர் ஒருவர் நாள்தோறும் காலை உணவு வேளையில் குழாய் ஆர்கன் வாசிக்க, அதனைக் கேட்டவண்ணம் உண்பது அவர் வழக்கம். நடுக்கூடத்தின் நீள அகலம் மனத்திற்கு ஒவ்வவில்லை என்று 1919இல் வீட்டையே இரண்டாக அறுத்துப் பின்பகுதியை 9 அடி 4 அங்குலம் பின்னுக்கு நகர்த்தினார்! கட்டிய செலவினும் நகர்த்திய செலவு மிகுதி. தண்டுவட நோயால் துன்புற்ற அவர் 14-3-1932 அன்று இம்மாளிகையில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவர்தம் விருப்ப ஆவணப்படி மாளிகை ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. பின் 1949 நவம்பரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்றது.

அவர் பெயரால் அமைந்த இந்நிறுவனத்தின் கடினமான பணி, அவர் தொழிலகம் பரப்பிய பொருளைக் காப்பதேயாகும் என்பது எண்ணத்தக்கது. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். எரியும்போது தானே உயிர்வளியை வெளியிடுதலின் நீராலும் அதனை அணைத்தல் அரிது. தீப்பிடிக்காவிடினும் நாளடைவில் சுருங்கிப் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். 1978 மே மாதத்தில் இவ்வருங்காட்சியகத்திலேயே தீ மூண்டு 329 படங்களின் மூலப்பிரதிகள் அழிந்தன. 1996இல் நகருக்கு வெளியே குளிர்காப்பறைகள் அமைக்கப்பெற்றன. திரைப்படப் பாதுகாப்புக்கெனப் பயிற்சிப் பள்ளியொன்றும் அவ்வாண்டே தொடங்கியது.

இனி நம் பக்கம் வருவோம். 1911இல் சித்தூர் தனி மாவட்டம் ஆகும்வரை வேலூர், சித்தூர், சந்திரகிரி, திருப்பதி யாவும் வடஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அம்மாவட்டத்து வேலூரில் 1885இல் பிறந்தவர் ஆர். நடராச முதலியார். தென்னிந்தியாவின் முதற் கதைப்படமாகிய 'கீசக வதம்' அவர் எடுத்தது. அது வெளியான ஆண்டினை 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் வேறுவேறாகக் குறிப்பர். ஆண்டினையே அறுதியிட இயலாமைக்குக் காரணம், அப்படத்தின் ஓரடிச் சுருளும் இன்று இல்லாமையே. தொழிலகத்தில் நேர்ந்த தீயில் மகனைப் பறிகொடுத்து, 1923இல் அவர் படத்தொழிலை விட்டார். 1931இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' என்பதற்கும் பிரதி கிடைத்திலது.

பழமையே இவ்விழப்பிற்குக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. 1858இல் லின்னியஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டினை 21 படங்களாக எடுத்து ஒரே நீள்படமாக இணைத்தார். அறுபது ஆண்டு முற்பட்ட அத்தாட்படம் இன்றும் உள்ளது. அரசுப் பணியாக எடுக்கப்பெற்று நூலகங்களில் சேர்ந்தமையே அது பிழைத்தமைக்குக் காரணம் எனலாம். 'மார்த்தாண்ட வர்மா' (1933) என்னும் மௌனப் படம் எஞ்சிய வரலாறு இதனினும் வியப்பானது. நாவலின் உரிமை பெற்றிருந்த பதிப்பகம் வழக்குத் தொடுத்ததால் படம் முடங்கியது. பிரதி பதிப்பகத்தாரிடமே தங்கிற்று. 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதனைப் பெற்றது. வழக்கில் சிக்காது நன்கு ஓடிய படங்கள், தேயும்வரை ஊர் ஊராகச் சுற்றி மறைந்தன. காப்பகத்திற்கும் தீ புதிதன்று. 2003இல் புனேயில் நேர்ந்த தீயில் நைட்ரேட் படங்கள் பல அழிந்தன.

2014இல் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் இந்தியப் படங்களின் பெருந்தொகுதி ஒன்றினைப் பெற்றது. 597 படங்களின் 775 பிரதிகள் அதில் அடங்கும். கலிபோர்னியாவில் மூடிக் கிடந்த திரையரங்கு ஒன்றில் கைவிடப்பட்டவை அவை. பெரும்பாலானவை 1999க்குப் பிற்பட்டவை. திரையரங்குகள் எண்மக் காட்சிக்கு மாறியபோது உரியவர் எவரும் திரும்பக் கேளாத சுருள்கள் அவை. தம் இல்லத்தை ஒன்பதடி நகர்த்திய மனிதரின் பெயர் தாங்கிய காப்பறைகளில் இன்று அவை குளிரில் உறங்குகின்றன.