கறுப்பினக் குடியேற்ற ஊர்கள், அமெரிக்க மேற்கு

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் 1870களிலிருந்து ஏறத்தாழ 1920 வரை கான்சஸ், ஓக்லஹோமா, நெப்ராஸ்கா, கொலராடோ, நியூ மெக்சிகோ முதலிய பகுதிகளில் சொந்த நிலத்தில் அமைத்து, தாங்களே நிர்வகித்த ஊர்கள். மேயர், அஞ்சலதிகாரி, ஆசிரியர், வங்கித் தலைவர் என எல்லாப் பொறுப்புகளிலும் கறுப்பினத்தவரே இருந்தனர். ஆனால் இந்த ஊர்களின் தலையெழுத்தைப் பெரும்பாலும் ஊர் எல்லைக்கு வெளியே இருந்தவர்களே எழுதினார்கள்.

1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி, 160 ஏக்கரில் ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தவருக்குச் சிறு கட்டணத்தில் பட்டா கிடைத்தது. அந்த ஆண்டில் கறுப்பினத்தவர் குடிமக்களாகவே கருதப்படவில்லை. 1866இன் குடியுரிமைச் சட்டமும் 1868இன் பதினான்காம் அரசியல் சட்டத் திருத்தமும் வந்த பிறகே அவர்களுக்கு அந்த வாசல் திறந்தது. தென்பகுதியின் ஐந்து மாநிலங்களுக்கென 1866இல் தனிச் சட்டம் ஒன்றும் வந்தது. அதில் கிடைத்ததோ பெரும்பாலும் காடும் சதுப்பும். ஏரும் மாடும் வாங்க வழியில்லாதவர்களுக்கு அதனால் என்ன பயன்? 1876இல் அது நீக்கப்பட்டது. மறு ஆண்டு கூட்டரசுப் படைகள் தென்பகுதியில் தம் காவலைக் கைவிட்டன. வாரத்துக்குப் பயிரிட்டுக் கடனில் மூழ்குவதும், வாக்களிக்கப் போனால் அடிபடுவதும் வாழ்க்கையாகிவிட்ட மக்கள் மேற்கே பார்க்கத் தொடங்கினர்.

அந்த 1877இல்தான் கான்சஸின் கிரஹாம் மாவட்டத்தில், சாலமன் ஆற்றின் தென்கிளையோரம் நிக்கோடெமஸ் உருவானது. வெள்ளையரான டபிள்யூ. ஆர். ஹில் என்ற மனை வணிகரும், கறுப்பினத்தவரான டபிள்யூ. எச். ஸ்மித் உள்ளிட்ட சிலரும் சேர்ந்து கம்பெனி தொடங்கி, கென்டக்கியின் தேவாலயங்களில் ஆள் திரட்டினர். விளம்பரத்தில் இருந்த ஊர் வேறு, கண்ணில் பட்ட ஊர் வேறு. 1878இல் கணவருடன் வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண், ஊர் எங்கே என்று கேட்டிருக்கிறார். கணவர் கைகாட்டிய இடத்தில் தரையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. மனிதர்கள் மண்ணைக் குடைந்து குழிவீடுகளில் வாழ்ந்தார்கள். தெரிந்தது அவர்கள் அடுப்புப் புகை. அதைப் பார்த்ததும் அழுதுவிட்டதாக முதுமையில் அவர் நினைவுகூர்ந்தார். மரமே இல்லாத அந்தப் புல்வெளியில் வீடு கட்டப் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகள்தான் உண்டு. முதல் குளிர்காலத்தில் அந்த வழியே வேட்டைக்கு வந்த ஒசேஜ் பழங்குடியினர் தந்த உணவு அவர்களைக் காப்பாற்றியது. மேற்கில் எவருக்கும் பட்டாவாகிய நிலம் பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்டதே என்பதை நினைத்தால், இந்த உதவியின் எடை கூடுகிறது.

ஊர் நிமிர்ந்தது. பள்ளி, தேவாலயங்கள், விடுதிகள், இரண்டு செய்தித்தாள்கள் என்று 1880களில் வளர்ந்தது. அடுத்து வேண்டியிருந்தது இரயில். பாதை தங்கள் ஊர் வழியே வரவேண்டுமென்று 1887இல் 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கே ஊரார் வாக்களித்தனர். ஆனால் 1888இல் யூனியன் பசிபிக் இரயில் நிறுவனம் ஆற்றின் மறுகரையில் தண்டவாளம் போட்டது. கடைக்காரர்கள் சாமானைக் கட்டிக்கொண்டு ரயிலடிக்கு நகர்ந்தார்கள். நிக்கோடெமஸ் அதற்குப் பிறகு தலையெடுக்கவே இல்லை.

இதற்கிடையே 1879இல் மிசிசிப்பி, லூசியானா பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் முன்னேற்பாடு ஏதுமின்றிக் கான்சஸுக்குக் கிளம்பினர். தென்பகுதியிலேயே இருந்து உரிமைக்குப் போராட வேண்டும் என்று கறுப்பினத் தலைவர் ஃபிரெடெரிக் டக்ளஸ் இந்த வெளியேற்றத்தை எதிர்த்தார். வாஷிங்டனில் இருந்தவருக்கு அது கொள்கை. மிசிசிப்பிக் கரையில் படகுக்குக் காத்திருந்தவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

நிக்கோடெமஸ் வளர்த்த அரசியல்வாதி எட்வர்ட் மெக்கேப். நியூயார்க் மாநிலத்தில் பிறந்து 1878இல் இங்கு வந்தவர். 1882இல் கான்சஸ் மாநிலக் கணக்குத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1884இல் மீண்டும் வென்றார். ஓக்லஹோமா நிலங்கள் குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டதும் அங்கே போய் 1890இல் லாங்ஸ்டன் நகரை நிறுவுவதில் முன்னின்றார். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் ஒரு மாநிலம் அமையவேண்டும் என்பது அவர் கனவு. அது பலிக்கவில்லை. ஆயினும் ஓக்லஹோமாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கறுப்பின ஊர்கள் எழுந்தன. வேறெங்கும் இத்தனை இல்லை. இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அங்கிருந்த கிரீக் (Creek) போன்ற பழங்குடி நாடுகளும் அடிமைகளை வைத்திருந்தவை. அமெரிக்க அரசுடன் அவை செய்த 1866 உடன்படிக்கைகளால் விடுதலையானவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும், பழங்குடிப் பொதுநிலம் பின்னர் பிரிக்கப்பட்டபோது பங்கு கிடைத்தது. அப்படி அபிகேல் பார்னெட் என்பவருக்குக் கிடைத்த நிலத்தில்தான் 1903இல் போலி (Boley) என்ற நகரம் எழுந்தது. கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் 1905இல் வந்து பார்த்து வியந்து எழுதினார். நிக்கோடெமஸுக்குக் கிடைக்காத இரயில் போலிக்குக் கிடைத்திருந்தது. பருத்தி அரைவை ஆலைகளும் இரண்டு வங்கிகளும் வந்தன.

1932இல் அந்த வங்கிகளில் ஒன்றைக் கொள்ளையடிக்க மூவர் வந்தனர். வங்கித் தலைவர் டி. ஜே. டர்னர் அபாய மணி ஒலிக்கும்படி செய்தார். அதற்காக ஜார்ஜ் பேர்ட்வெல் என்ற கொள்ளையன் அவரைச் சுட்டான். பணப்பெட்டக அறையில் துப்பாக்கியோடு இருந்த கணக்கர் அவனைச் சுட்டு வீழ்த்தினார். வெளியே ஊரே ஆயுதத்தோடு நின்றது. டர்னர் இறந்துபோனார்.

ஆனால் போலியின் சரிவு கொள்ளையர்களால் வரவில்லை. 1907 நவம்பரில் ஓக்லஹோமா மாநிலமானதும், அதன் சட்டமன்றம் இயற்றிய முதல் சட்டமே இரயில்களில் இனவாரியாகத் தனிப் பெட்டி கோரியது. 1910இல் வாக்களிக்க எழுத்தறிவுத் தேர்வு வந்தது. 1866க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தவர்களின் வாரிசுகளுக்கு மட்டும் விலக்கு. யாரைத் தள்ளி வைப்பதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 1915இல் அந்த விலக்கை ரத்து செய்தது. இரயில் சட்டத்தை எதிர்த்து மெக்கேப் தொடுத்த வழக்கு 1914இல் தோற்றது. பலர் எல்லை தாண்டிக் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஆம்பர் வேலி என்ற ஊரை அமைத்தனர். பின்பு பருத்தி விலை விழுந்ததும், 1930களின் பொருளாதார மந்தமும் எஞ்சியவர்களையும் நகரங்களுக்குத் துரத்தின.

மற்ற ஊர்களின் கதை சுருக்கமானது. நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் 1907இல் டிவிட்டி, நியூ மெக்சிகோவில் பிளாக்டம், கலிஃபோர்னியாவில் 1908இல் ஆலன்ஸ்வொர்த், கொலராடோவில் 1910இல் ஆலிவர் ஜாக்சன் நிறுவிய டியர்ஃபீல்டு. இவற்றில் பெரும்பாலானவற்றைத் தண்ணீர்ப் பஞ்சம் வாட்டியது. மழை மிகுந்த சில ஆண்டுகளை நம்பிக் குடியேறிய நிலங்கள் அவை. அந்தத் தவறு வெள்ளையர் பலரையும் ஓடவைத்தது; ஆனால் கறுப்பினத்தவருக்குக் கடன் தர வங்கிகள் முன்வராததால் அவர்களால் ஒரு பஞ்சத்தைத் தாண்டுவதே கடினம்.

பெரும்சமவெளி மாநிலங்களில் ஏறக்குறைய 3,500 கறுப்பினத்தவர் பட்டா பெற்றனர். மொத்தம் சுமார் 6,50,000 ஏக்கர். மெக்கேப் 1920இல் சிகாகோவில் வறுமையில் இறந்தார். நிக்கோடெமஸ் 1996இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஓக்லஹோமாவின் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இன்று பதின்மூன்று மிஞ்சியுள்ளன. போலியும் லாங்ஸ்டனும் அவற்றில் அடங்கும்.