மெராம்போங் திட்டும் கொங்கோங் நத்தையும்

மெராம்போங் திட்டு, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் பூலாய் ஆறு ஜொகூர் நீரிணையில் கலக்கும் முகத்துவாரத்தில் உள்ள கடற்புல் வெளி. நீர் நன்றாக வற்றும் நாட்களில் சில மணி நேரம் மட்டுமே வெளியே தெரியும். அப்போது அக்கம்பக்கத்து மக்கள் கையால் பொறுக்கும் உயிர்களில் ஒன்று ‘சிப்புட் கொங்கோங்’ என்ற நத்தை. தென் ஜொகூர்க் கடலுக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்த நத்தையைப் பற்றிய ஆய்வுகள் மிகத் தெளிவாகச் சொல்கின்றன.

ஜொகூரின் உட்பகுதியிலுள்ள கூலாய் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆனாலும் இந்தக் கடலோடு தொடர்பு உண்டு. கூலாய், செனாய் வழியாக ஓடும் ஸ்கூடாய் ஆறு இந்த நீரிணையில்தான் விழுகிறது. கூலாய் ஊருக்குத் தென்மேற்கே 654 மீட்டர் உயர்ந்து நிற்கும் குனோங் பூலாயின் நீர் பூலாய் ஆற்றுக்குப் போகிறது. தோட்டத்து மண்ணோ ஆலைக்கழிவோ ஊர்ச் சாக்கடையோ, இந்த ஆறுகளில் இறங்கியது எல்லாம் நீரிணையின் மேற்குப் பாதிக்கே வந்து சேரும். 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்–சிங்கப்பூர் தரைப்பாலம் நீரோட்டத்தைக் குறுக்கே மறித்துவிட்டதால், கிழக்கே கடந்து போக அதற்கு வழியில்லை.

மலேசியாவில் கரையோர முதுகெலும்பிலிகளைப் பற்றிய ஆய்வுக்கு நெடிய மரபு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஏ. சசேகுமார் 1974இல் வெளியிட்ட கட்டுரை, அலையாத்திக் கரையில் நண்டும் நத்தையும் புழுவும் எந்தெந்த மட்டத்தில் எப்படிப் பரவியிருக்கின்றன என்று விரிவாகப் பதிவு செய்தது. அந்த மரபில் வந்தவர் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் சைடி சே கோப். அஜீஸ் அர்ஷாத், ஜாப்பார் சிடிக் பூஜாங் உள்ளிட்டோருடன் சேர்ந்து, மெராம்போங்கின் கொங்கோங்கை ‘ஸ்ட்ராம்பஸ் கனேரியம்’ என்ற அறிவியல் பெயரில் ஆராய்ந்தார். அதன் வயது, வளர்ச்சி, இனப்பெருக்கம், ஆண்–பெண் உருவ வேறுபாடு எனப் பல கட்டுரைகள் வெளிவந்தன.

கொங்கோங் சேறு கலந்த மணலில் கடற்புல்லுக்கிடையே வாழ்கிறது. பாசியையும் மட்கிய பொருள்களையும் தின்கிறது. மற்ற நத்தைகளைப்போல் ஊர்ந்து போகாமல், காலிலுள்ள அரிவாள்போல் வளைந்த மூடியை மணலில் ஊன்றித் தாவித் தாவி நகரும். ஓட்டின் விளிம்பிலுள்ள சிறு வெட்டின் வழியே காம்பு வைத்த கண்ணை நீட்டிப் பார்க்கும். முதிர்ந்ததும் ஓட்டின் நீளம் கூடுவது நின்று, ஓட்டு வாயின் விளிம்பான உதடு விரிந்து தடிக்கும். ஆணும் பெண்ணும் தனித்தனி. பெண் சற்றுப் பெரிது. பெண் இடும் முட்டைகள் பசைநூலாகச் சுருண்டு கிடக்கும். பொரிந்த குஞ்சுகள் சில காலம் நீரில் மிதந்துவிட்டுத்தான் அடியில் தங்கும்.

கொங்கோங் ஆய்வுகளில் 2011இல் வெளியானதே மிக முக்கியமானது. ஆண் உறுப்பு முளைத்த பெண் நத்தைகளை சைடி சே கோப் குழுவினர் விவரித்தனர். இம்போசெக்ஸ் எனப்படும் இந்தக் கோளாறுக்குக் காரணம் டிரைபியூட்டைல் டின். கப்பலின் அடிப்பாகத்தில் கொட்டலசு ஒட்டாமலிருக்க அடித்த வண்ணப்பூச்சில் இருந்த நஞ்சு அது. ஒரு புறம் சிங்கப்பூர், தரைப்பாலத்துக்கு அப்பால் பாசிர் கூடாங், முகத்துவாரத்திலேயே தஞ்சோங் பெலெபாஸ் என மூன்று பெரிய துறைமுகங்கள் சூழ்ந்த கடல் இது. இந்த நஞ்சைக் கண்காணிக்கக் கொங்கோங் உதவக்கூடும் என்று ஆய்வு முன்மொழிந்தது. அவ்வகைப் பூச்சைத் தடை செய்யும் உலக உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அடிச்சேற்றில் படிந்த டின் சேர்மம் எளிதில் சிதைவதில்லை. புத்ரா பல்கலைக்கழகத்தின் யாப் சீ கோங் பச்சைச் சிப்பியைக் கொண்டு கன உலோகங்களை அளந்ததும், உயிரினத்தைக் கொண்டு கடலைக் கண்காணிக்கும் இதே வழியில்தான். பாசிர் கூடாங்கை அடுத்த கம்போங் பாசிர் பூத்தே சிப்பிகளில் உலோகச் செறிவு உயர்ந்திருந்தது. நீர் மாதிரி எடுத்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். நத்தையும் சிப்பியும் தம் உடலில் மாதக்கணக்காகச் சேர்ந்ததைக் காட்டுகின்றன. அதனால்தான் இவ்வகை ஆய்வுக்கு மதிப்பு அதிகம்.

பூலாய் முகத்துவாரத்தின் 9,126 எக்டர் அலையாத்திக் காடு 2003 ஜனவரி 31இல் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஈரநிலமானது. 2014இல் அருகே ஃபாரஸ்ட் சிட்டி நகரத்துக்காகக் கடலை மண்ணிட்டு மேடாக்கும் பணி தொடங்கி, அவ்வாண்டே நிறுத்தப்பட்டது. சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்குப் பின், பரப்பைக் குறைத்து மீண்டும் அனுமதி தந்தார்கள். மண்ணிடுவதால் கலங்கும் நீரில் கடற்புல்லுக்கு வெளிச்சம் போதாது. புல் அழிந்தால் மிதந்து வரும் குஞ்சு நத்தைகளுக்குத் தங்க இடமில்லை. வளர்ந்த நத்தைகள் சில காலம் தாக்குப்பிடிக்கலாம். ஆகவே திட்டின் நலத்தை அறிய விரும்புவோர் முதலில் தேட வேண்டியது, உதடு விரியாத இளம் கொங்கோங்குகளை.