படகுத் துறையில் பிறந்த கார்: பைபர் பாடியும் பாடி கிட்டும்



"சார், பைபர் என்பதும் பிளாஸ்டிக்தானே, உடைந்தால் தூக்கிப் போடவேண்டியதுதானே?" என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நல்ல சரித்திரம் ஒன்று இருக்கிறது. வேதியியல் வாத்தியார் சரித்திரம் எழுதுகிறானே என்று என்னோடு வேலை பார்த்த சரித்திர ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நாம் பைபர் என்று சொல்வது இரண்டு பொருள்கள் சேர்ந்த ஒன்று. முடியைவிட மெல்லிய கண்ணாடி இழை ஒன்று, அதை நனைத்து இறுகச் செய்யும் ரெசின் இன்னொன்று. நம் தாத்தாக்கள் மண்சுவர் வைக்கும்போது மண்ணோடு வைக்கோலைப் போட்டு மிதித்தார்களே, அதே கணக்குதான். மண் மட்டும் இருந்தால் வெடிக்கும். வைக்கோல் மட்டும் இருந்தால் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் மழைக்கும் காற்றுக்கும் தாங்கும்.

1932-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஓவன்ஸ் இல்லினாய்ஸ் என்ற கண்ணாடிக் கம்பெனியில் டேல் கிளைஸ்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளர் கண்ணாடிக் கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்க முயன்றுகொண்டிருந்தார். உருகிய கண்ணாடியின் மேல் அழுத்தக் காற்று பட்டதும் அது பஞ்சு பஞ்சாகப் பறந்தது. அவருக்கு வேண்டியது அதுவல்ல. ஆனால் அவருக்கு மேலிருந்த கேம்ஸ் ஸ்லேட்டர் அந்தப் பஞ்சைக் குப்பை என்று கூட்டித் தள்ளாமல், இதையே தொழிலாக்கலாம் என்று பார்த்தார். 1938-இல் அதற்கென்றே ஓவன்ஸ் கார்னிங் என்ற கம்பெனி உருவானது. ஆரம்பத்தில் வீட்டுச் சுவருக்குள் வெப்பம் தடுக்கவும், காற்று வடிகட்டவும்தான் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பாலியெஸ்டர் ரெசினோடு சேர்த்து விமானத்தின் ரேடார் மூடிகளைச் செய்தார்கள். உலோக மூடி ரேடியோ அலையை மறிக்கும், இது மறிக்காது.

போர் முடிந்ததும் இந்தப் பொருள் முதலில் போய்ச் சேர்ந்த இடங்களில் முக்கியமானது படகுத் துறை. நம் கடற்கரைப் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். கலிபோர்னியாவில் பில் டிரிட் என்பவர் பைபரில் படகு செய்துகொண்டிருந்தார். கென் பிரூக்ஸ் என்ற ராணுவ மேஜர் ஒரு ஜீப்பின் சேசிஸை வைத்துக்கொண்டு, அதன் மேல் தன் மனைவிக்காக ஒரு கார் கட்ட ஆசைப்பட்டார். படகு செய்கிற கையாலேயே டிரிட் அதற்கு உடல் செய்து கொடுத்தார். 1952-இல் லைஃப் பத்திரிகை இப்படிப்பட்ட பைபர் கார்களைப் பற்றிக் கட்டுரை போட, பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்த்தன. ரெசின் தயாரித்த நாகடக் கெமிக்கல் கம்பெனி, டிரிட் செய்த உடலோடு ஒரு காரை ஜெனரல் மோட்டார்ஸுக்கே கொண்டுபோய்க் காட்டியது.

ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது வடிவமைப்புக்குத் தலைவர் ஹார்லி எர்ல். 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் செவர்லே கார்வெட் என்ற இரண்டு இருக்கைக் கார் கண்காட்சிக்கு வந்தது. ஜூன் 30-ஆம் தேதி மிஷிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் முதல் கார் தயாராகி வெளியே வந்தது. இடையில் ஐந்தரை மாதம்தான். தகட்டில் செய்திருந்தால் இது நடந்திருக்காது. தகட்டுக்கு ராட்சத அச்சு வேண்டும். அதைச் செதுக்கக் காலமும் பணமும் கொட்ட வேண்டும். லட்சம் கார் விற்றால்தான் அந்தச் செலவு கட்டும். அந்த வருடம் செய்த கார்வெட் மொத்தம் 300. எல்லாமே வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அடுத்த பகுதி. ஒகையோவின் அஷ்டபுலாவில் செய்த துண்டு துண்டான பாகங்களைக் கொண்டுவந்து, உட்பக்கத்தில் பட்டை வைத்து ஒட்டி ஒரே உடலாக்கினார்கள். எந்தப் பாகமும் சொன்னபடி பொருந்தவில்லை. இணைப்பு தெரிந்தது, மேற்பரப்பு அலை அலையாக இருந்தது. தொழிலாளர்கள் கையால் தேய்த்துத் தேய்த்துத்தான் அதைக் காராக்கினார்கள். அதனால்தான், இன்று பணக்காரர்கள் புதுப்பித்து வைத்திருக்கும் பழைய கார்வெட்கள் பல, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததைவிட வழவழப்பாக இருக்கின்றன. உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனியே தன் முதல் பைபர் காரை ஒரு பட்டறை மாதிரிதான் செய்தது. இதைப் படித்த நாளிலிருந்து பட்டறைக்காரர்கள் மேல் என் மரியாதை கூடிவிட்டது.

இங்கிலாந்தில் 1957-இல் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் இன்னும் ஒரு படி மேலே போய், இரும்பு சேசிஸே இல்லாமல் பைபர் உடலே எல்லாப் பாரத்தையும் தாங்குகிற எலீட் காரைக் காட்டினார். எடை சுமார் 500 கிலோ. சுமார் 1,000 கார்கள்தான் செய்தார்கள். அழகான கார், லாபம் தராத கார்.

பாடி கிட் எங்கிருந்து வந்தது? பந்தயத்திலிருந்து. வேகம் கூடக் கூட, காரின் பின்பக்கத்தைக் காற்று மேலே தூக்கும். போர்ஷே கம்பெனி 1972-இல் 911 கரேரா ஆர்.எஸ். காரின் பின்மூடியில் வாத்து வால் மாதிரி ஒரு மடிப்பு வைத்தது. பந்தய விதிப்படி 500 கார் விற்றாக வேண்டும் என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்கள், கடைசியில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் செய்ய வேண்டியதாயிற்று. 1973-இல் பி.எம்.டபிள்யூ. 3.0 சி.எஸ்.எல். காருக்குப் பெரிய இறக்கை கொடுத்தார்கள். ஜெர்மனியில் அதைப் பொருத்திச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தரவில்லை என்பதால், இறக்கையை டிக்கியில் போட்டே காரை விற்றார்கள்! வாங்கியவர் வீட்டில் போய்ப் பொருத்திக்கொள்ள வேண்டியது அவர் பாடு. பாடி கிட் என்ற யோசனை முழுவதும் அந்த டிக்கியில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதன்பின் சின்னச் சின்னப் பட்டறைகள் எல்லாம் பம்பர், ஸ்கர்ட், ஸ்பாய்லர் என்று செய்து விற்க ஆரம்பித்தன. ஒரு அச்சு, ஒரு டிரம் ரெசின், இரண்டு ஆள் போதும். நல்லதும் வந்தது, குப்பையும் வந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். நான் நாகப்பட்டினத்தில் வேலை பார்த்தபோது என்னிடம் படித்த ஒரு பையன் இப்போது சென்னையில் கார் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அவன் அப்பா அக்கரைப்பேட்டைக் கரையில் பைபர் படகு பழுது பார்த்தவர். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து பைபர் படகுகள் வந்து குவிந்தபோது, அவருக்கு மூச்சு விட நேரமில்லாத அளவு வேலை. பையனின் பட்டறைக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு சான் ஸ்டார்ம் வந்தது. கோவாவில் செய்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். அதன் உடலே பைபர்தான். யாரோ அதற்கு மேல் வெளியில் வாங்கிய பாடி கிட் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். முன் பம்பர் ஒரு முழ நீளத்துக்கு விரிசல், பெயின்ட் அப்பளம் மாதிரி உரிந்து வந்தது.

"சார், மேலே பட்டி போட்டு பெயின்ட் அடிச்சுக் கொடுத்தா போதும்னு ஓனர் சொல்றார். வித்துடப் போறாராம்" என்றான் போனில்.

"உங்க அப்பா படகு ஓட்டையை வெளிப்பக்கம் மட்டும் பட்டி வச்சா அடைச்சார்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படி அடைச்சா ஆளு கரை திரும்ப மாட்டான் சார்" என்றான்.

விஷயம் அவ்வளவுதான். பட்டியில் இழை கிடையாது. அது பள்ளத்தை நிரப்பும், பலம் தராது. வண்டி ஆட ஆட, ஆறு மாதத்தில் அதே கோட்டில் விரிசல் திரும்பி வரும். பலம் முதுகுப் பக்கத்திலிருந்து வர வேண்டும்.

முதலில் பொருள் என்ன என்று பார்க்க வேண்டும். கிட் என்று வருவதெல்லாம் பைபர் இல்லை. 1970-களிலிருந்து யூரித்தேன் பம்பர்களும் உண்டு, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் உண்டு. பின்பக்கம் திருப்பினால் இழை தெரிந்தால், தேய்த்தால் மாவு மாதிரித் தூள் வந்தால், பைபர். அழுத்தினால் ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தால் யூரித்தேன். அதற்கு மருந்து வேறு.

பைபர் என்றால், விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்த வேண்டும். பிறகு பின்பக்கம் சரிவாகத் தேய்க்க வேண்டும். பலம் வேண்டிய இடத்தில் 1 மி.மீ. கனத்துக்கு 12 மி.மீ. அகலம் என்பது படகுக்காரர்களின் கணக்கு. 3 மி.மீ. பம்பருக்கு விரிசலின் ஒவ்வொரு பக்கமும் 36 மி.மீ. பழைய ரெசின் முழுக்க இறுகிப் போனது. புது ரெசின் அதோடு வேதி முறையில் பெரிதாகச் சேராது, பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். பிடிக்க அகலமான, சொரசொரப்பான இடம் வேண்டும். பிறகு மேட்டை விரிசலைவிடப் பெரிதாக, ஒன்றுக்கு மேல் ஒன்று வைத்து, ரெசினில் நனைத்து, ரோலரால் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும்.

நம் கடைகளில் ரெசின், கோபால்ட், ஹார்டனர் என்று மூன்றும் தனித்தனியாக விற்கிறார்கள். என் பாடத்தில் தூங்கியவர்கள் இப்போதாவது விழித்துக்கொள்ளுங்கள்: கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேராக ஒன்றாக ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகுதான் ஹார்டனர். 100 கிராம் ரெசினுக்கு ஹார்டனர் 1 முதல் 2 கிராம். சித்திரை வெயிலில் 1 கிராமே அதிகம் என்று தோன்றும், டப்பாவிலேயே சூடேறிப் புகையும்.

இன்னொன்று. இறுகும்போது பாலியெஸ்டர் ரெசின் சுருங்கும். மறுநாளே பெயின்ட் அடித்தால் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி மின்னும். ஒரு மாதம் வெயிலில் நின்ற பிறகு உள்ளே இருக்கிற மேட்டின் நெசவு மேலே தெரியும். ஆகவே சில நாளாவது ஆற விட்டு, வெயிலில் வைத்து எடுத்து, அதன்பிறகு பட்டி, பிரைமர். பிரைமர் மேல் லேசாகக் கறுப்புத் தூவி, கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால், கறுப்பு மிஞ்சுகிற இடம் பள்ளம். விரலால் நேரடியாகத் தேய்த்தால் விரல் அளவுக்குப் பள்ளம் விழும்.

அந்தப் பழைய பெயின்ட் ஏன் உரிந்தது என்றும் கேட்டான். அச்சிலிருந்து பாகம் ஒட்டாமல் வர மெழுகு பூசுவார்கள். அந்த மெழுகை முழுக்கக் கழுவாமல் நேராகத் தேய்த்தால், உப்புத்தாளே அதை உள்ளே தேய்த்துவிடும். முதலில் மெழுகு நீக்கியால் துடைப்பு, பிறகு தேய்ப்பு. இந்த வரிசை மாறினால் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

அவன் ஓனரிடம் பேசிப் பார்த்தான். ஐந்து நாள் கூடுதல், கூலியும் கூடுதல். அவர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார் என்று கேள்வி. புதுக் கிட் வரவழைப்பதைவிடச் செலவு குறைவுதான்.

எனக்குக் கவலை பம்பரைப் பற்றி இல்லை. அவன் அப்பாவுக்கு இப்போது நாலு படி ஏறினால் இரைக்கிறது. காரணம் இதுதான் என்று சொல்ல நான் வைத்தியன் இல்லை. ஆனால் அத்தனை வருடமும் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டுதான் அவர் கிரைண்டர் பிடித்தார் என்பது எனக்குத் தெரியும். தேய்க்கும்போது பறக்கிற தூள் ஒரு பக்கம். ரெசினிலிருந்து வருகிற ஸ்டைரீன் வாடை ஒரு பக்கம். கார் பட்டறையில் இன்னொன்று கூடச் சேர்கிறது: ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயின்டில் ஐசோசயனேட் உண்டு. 1984-இல் போபாலில் கசிந்த விஷம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பெயின்டில் இருப்பது அந்த மெத்தில் ஐசோசயனேட் இல்லை, வேறு உறுப்பினர், பயப்பட வேண்டாம். ஆனாலும் புகையாக உள்ளே போகப் போக ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு சிறிதளவு பட்டாலே மூச்சு அடைக்கும். துணியும் கொரோனா கால முகக்கவசமும் இதற்கு உதவாது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வருகிற முகமூடி வேண்டும். தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், தூசிக்கான வடிகட்டி முகமூடி தனியாக வேண்டும்.

இதையெல்லாம் சொன்னதும், "நல்ல ஸ்ப்ரே கன் விலையைவிட அது அதிகமாச்சே சார்" என்றான். ஆமாம், அதிகம்தான் என்றேன். போன வாரம் பேசியபோது தவணையில் ஒன்று வாங்கிவிட்டதாகச் சொன்னான். பட்டறையில் அவனோடு பத்தொன்பது வயதில் ஒரு உதவியாளன் இருக்கிறான். அவனுக்கு இன்னும் வாங்கவில்லை. அதுவரை ஸ்ப்ரே அடிக்கும்போது அந்தப் பையனை வெளியே நிறுத்து என்று சொல்லியிருக்கிறேன்.