பதவியை விட்டுக்கொடுத்த முதல்வர்

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் சோழரையும் பாண்டியரையும் பற்றி எழுத வல்ல அன்பர்கள் பலர் உளர். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே காரியாலயத்தில் கோப்புகளோடு காலங் கழிக்கும் அடியேன் அத்துறையில் புகத் துணியவில்லை. நாம் குடியிருக்கும் இவ்வூரின் சரித்திரத்தில் ஓர் ஏட்டையேனும் நம் குழந்தைகள் அறிய வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஹுசேன் சாகர் ஏரிக்கு அருகே பி.ஆர்.கே.ஆர். பவன் என்றொரு அரசாங்கக் கட்டடம் உள்ளது. புதிய தலைமைச் செயலகம் எழும்பும் வரையில், 2019 முதல் 2023 வரை, தெலங்கானா அரசின் செயலகமே அங்கேதான் நடைபெற்றது. அந்நான்கு எழுத்துகளுக்குரிய பெரியார் யார் என்று நம் காலனி இளைஞர் மூவரை வினவினேன். ஒருவர் கட்டடத்தைக் கட்டிய காண்டிராக்டர் என்றார்! மற்ற இருவரும் சிரித்துக் கொண்டனர்.

அவர் பூர்குல ராமகிருஷ்ண ராவ். மக்கள் வாக்களித்து அமைந்த ஐதராபாத் ராஜ்யத்தின் முதல் முதலமைச்சர். கடைசி முதலமைச்சரும் அவரே. பின்னர் கேரளத்துக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் கவர்னராக விளங்கினார். அமெரிக்க தேசத்தில் கவர்னர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தம் மாநிலத்தை ஆள்பவர். நம் நாட்டிலோ அவர் ஜனாதிபதியால் நியமிக்கப்படுபவர். வாக்குப் பெற்று ஆளும் பொறுப்பு, நியமனம் பெற்று மேற்பார்க்கும் பொறுப்பு ஆகிய இரண்டின் சுமையையும் தாங்கியவர் பூர்குலா. இரண்டிலும் அவரது மிதவாதம் கடுஞ் சோதனைக்குள்ளாயிற்று.

1899 மார்ச் 13ஆம் நாள், மகபூப்நகர் மாவட்டத்துக் கல்வகுர்த்திப் பகுதியிலுள்ள படகல் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பூர்குல என்பது குடும்பத்தின் பூர்வீக ஊர்ப் பெயர். புனே பெர்குசன் கல்லூரியில் பயின்று, பம்பாயில் சட்டம் கற்று, ஐதராபாத்தில் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். தெலுங்கு, உருது, பாரசீகம், மராத்தி, வடமொழி, ஆங்கிலம் எனப் பல மொழிகளில் வல்லவர். பிற்காலத்தில் பாரதப் பிரதமராக உயர்ந்த பி.வி. நரசிம்ம ராவ் இவரிடம் ஜூனியர் வக்கீலாக இருந்தவரே.

நிஜாம் ஆட்சியில் உருதுவே அரசாங்க மொழி. 1921 நவம்பரில் இந்நகரின் விவேகவர்தினி அரங்கில், கார்வே தலைமையில் நடைபெற்ற சமூகச் சீர்திருத்த மாநாட்டில், வழக்கறிஞர் ஒருவர் தெலுங்கில் பேச எழுந்தபோது கூட்டத்தினர் கூச்சலிட்டுப் பரிகசித்தனர். தாய்மொழியைத் தம் மண்ணிலேயே இகழக் கண்ட தெலுங்கர்கள் மனம் புண்பட்டு ஆந்திர ஜன சங்கத்தைத் தோற்றுவித்தனர். அதன் தொடக்ககாலத் தொண்டர்களுள் பூர்குலாவும் ஒருவர். அயலூரில் தமிழ்ச் சங்கம் நடத்தும் நமக்கு அந்நாளைய அவர்களது வேதனையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. பின்னர் அவ்வியக்கம் ஆந்திர மகாசபையாக வளர்ந்தது. 1931இல் தேவரகொண்டாவில் கூடிய அதன் இரண்டாவது மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். காங்கிரஸில் சேர்ந்து சிறையும் கண்டார்.

ஐதராபாத் காங்கிரஸில் அப்போது இரு பிரிவுகள் இருந்தன. சுவாமி ராமானந்த தீர்த்தரைப் பின்பற்றியோர் தீவிரவாதிகள். பூர்குலாவின் அணியினர் மிதவாதிகள் எனப்பட்டனர். 1948 செப்டம்பரில் போலீஸ் நடவடிக்கை முடிந்து சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின், முதலில் ராணுவ கவர்னர் சௌதரியும், 1950 முதல் சிவில் அதிகாரி வெல்லோடியும் ஆண்டனர். வெல்லோடியின் மந்திரி சபையில் பூர்குலா ரெவின்யூ இலாகாவை ஏற்றார். நல்கொண்டாவிலும் வாரங்கல்லிலும் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் நடந்து வந்த காலம் அது. உழுபவனுக்குப் பாதுகாப்பளிக்கும் 1950ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பணி அவரைச் சார்ந்தது. 1954இல் அவரது அரசே அச்சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு உச்சவரம்பும் விதித்தது. மிதவாதி என்றால் ஒன்றும் செய்யாதவர் என்று பொருள் கொள்வோர் இதனைக் கவனிப்பாராக.

1952 பொதுத் தேர்தலில் ஷாத்நகர்த் தொகுதியில் வென்று, மார்ச் 6ஆம் நாள் முதலமைச்சரானார். ஆறு மாதம் முடிவதற்குள் வந்தது முல்கிக் கிளர்ச்சி.

இவ்விடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனெனில் இது நம் வீட்டுக் கதையும் ஆகும். முல்கி என்றால் மண்ணின் மைந்தன். அரசாங்க உத்தியோகம் பெறுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் இங்கு வசித்திருக்க வேண்டும் என்பது நிஜாம் காலத்து 1919ஆம் ஆண்டு விதி. போலீஸ் நடவடிக்கைக்குப் பிறகு ஆங்கிலம் கற்ற வெளியார் பலர், சிறப்பாகச் சென்னை மாகாணத்தவர், உத்தியோகங்களில் அமர்ந்தனர். போலி முல்கிச் சான்றிதழ்கள் மலிந்தன என்றும் குறை எழுந்தது. வாரங்கல்லில் மாணவர்கள் மூட்டிய நெருப்பு தலைநகருக்குப் பரவிற்று. ‘நான்முல்கி கோ பேக்’ என்றும், ‘இட்லி சாம்பார் கோ பேக்’ என்றும் முழங்கினர். எங்கள் பாட்டனார் அரக்கோணத்திலிருந்து வந்து லாலாகுடா ரயில்வே பட்டறையில் பணி புரிந்தவர். ரயில்வே 1950இலேயே மத்திய அரசைச் சேர்ந்துவிட்டபடியால் அவரது வேலைக்கு ஆபத்தில்லை. ஆயினும் ஒரு வாரம் பாட்டியார் இட்லிக் கொப்பரையை அடுப்பிலேற்றவில்லையாம். ஆவியின் மணம் வீதிக்குச் செல்லுமே என்ற அச்சம்! இதனைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அடுத்த வீட்டுப் பள்ளி ஆசிரியர் குடும்பத்தோடு ஊரைவிட்டுச் சென்றதைச் சொல்லும்போது சிரிப்பதில்லை.

செப்டம்பர் 3, 4 தேதிகளில் சிட்டி கல்லூரியை அடுத்தும் நகரின் பிற பகுதிகளிலும் போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்து சிலர் மாண்டனர். இளம் மாணவர் மீது குண்டு பாய்ந்த பழி பூர்குலா அரசின்மீதே விழுந்தது, அது முறையும்கூட. அவர் நீதிபதி பிங்களி ஜகன்மோகன் ரெட்டியைக் கொண்டு விசாரணை நடத்தச் செய்தார். வெளியாரை விரட்டவும் இசையவில்லை. உள்ளூர் இளைஞரின் குறை பொய் என்று தள்ளவுமில்லை. எனக்குத் தோன்றுவது யாதெனில், அவ்விளைஞரிடத்திலும் நியாயம் இருந்தது. உருதுவில் பட்டம் பெற்றவன் ஒரே இரவில் கல்லாதவனைப் போலாகி நின்றால் அவன் யாரை நோவான்? நம் முன்னோர் இரவில் கதவைத் தாழிட்டதும் உண்மை, அவன் வேலையின்றித் திரிந்ததும் உண்மை.

அடுத்த சோதனை 1955இல். ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன், தெலங்கானாவைத் தனி ராஜ்யமாக வைத்து, 1961ஆம் ஆண்டையொட்டி நடைபெறும் தேர்தலுக்குப் பின் சட்டசபையில் மூன்றில் இரு பங்கினர் விரும்பினால் ஆந்திரத்தோடு சேர்க்கலாம் என்றது. பூர்குலாவின் மனமும் முதலில் தனி ராஜ்யத்தையே நாடிற்று. மக்களில் பெரும்பாலோர் அதனையே விரும்புகின்றனர் எனக் காங்கிரஸ் தலைவர் தேபருக்கு எழுதவும் செய்தார். ஆனால் விசாலாந்திரமே வேண்டுமென்போர் சட்டசபையில் மிக்கிருந்தனர். டில்லித் தலைமையும் அப்பக்கம் சாய்ந்தது. அவர் பிடிவாதம் செய்திருந்தால் தமது நாற்காலியைச் சில ஆண்டுகள் காத்திருக்கலாம். செய்யவில்லை. 1956 பிப்ரவரி 20ஆம் நாள் டில்லியில் கையெழுத்தான கனவான்கள் ஒப்பந்தத்தில், தெலங்கானாவின் நால்வருள் ஒருவராகக் கையொப்பமிட்டார். முதலமைச்சர் ஆந்திரராயின் துணை முதலமைச்சர் தெலங்கானாவினர். உத்தியோகத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு வாசம். வருவாயில் தெலங்கானாவின் மிகுதி தெலங்கானாவுக்கே. இவ்வாறு பல பாதுகாப்புகளைக் கேட்டு எழுதி வாங்கினார். தமக்கென எதையும் எழுதி வாங்கவில்லை.

1956 நவம்பர் 1ஆம் நாள் மராட்டிய மாவட்டங்கள் பம்பாய்க்கும், கன்னட மாவட்டங்கள் மைசூருக்கும் செல்ல, தெலங்கானா ஆந்திரத்தோடு கூடி ஆந்திரப் பிரதேசம் பிறந்தது. சஞ்சீவ ரெட்டி முதல்வரானார். அவரது முதல் மந்திரி சபையில் துணை முதலமைச்சர் என ஒருவரும் இல்லை!

அம்மாதமே பூர்குலா கேரள கவர்னராகத் திருவனந்தபுரம் சேர்ந்தார். 1957 தேர்தலில் 126 இடங்களில் 60ஐக் கம்யூனிஸ்டுக் கட்சி வென்றது. சுயேச்சைகள் ஐவரின் ஆதரவும் அதற்கிருந்தது. தெலங்கானாவில் எக்கட்சியோடு ஓயாது மல்லுக்கு நின்றாரோ, அக்கட்சியின் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடை அழைத்து ஏப்ரல் 5ஆம் நாள் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் அவரே. கல்வி மசோதாவை அவர் ஜனாதிபதியின் பரிசீலனைக்கு ஒதுக்கினார். அது உச்ச நீதிமன்றம் வரை சென்று, திருத்தங்களோடு சட்டமாயிற்று. 1959 ஜூனில் விமோசனப் போராட்டம் மூண்டு, துப்பாக்கிச் சூடுகளும் நிகழ்ந்தன. மந்திரி சபை மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டது என்ற அவரது அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு, ஜூலை 31ஆம் நாள் மத்திய அரசு அதனைக் கலைத்தது. சட்டசபையிலோ அம்மந்திரி சபைக்குப் பெரும்பான்மை குறையவில்லை.

இவ்விடத்தில் என் மனம் அவருக்குச் சாதகமாக முழுதும் சாயவில்லை. தமது பதவியைத் துறக்கத் தயங்காத பெரியவர், டில்லியின் விருப்பத்துக்கு மாறாக ஓர் அறிக்கை எழுதியிருத்தல் கூடுமா? எழுதியிருந்தால் மிதவாதத்துக்கு வேறொரு பெயர் கிடைத்திருக்கும். அவர் மாலையிட்ட மந்திரி சபைக்கு முடிவுரையும் அவர் கையாலேயே எழுதப்பட்டது. அவரைப் போற்றுவோர் இப்பகுதியை விரைந்து கடந்து செல்கின்றனர். அடியேனுக்கு அது நேர்மையாகத் தோன்றவில்லை.

1960 ஜூலையில் கேரளத்துக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் கவர்னர்கள் இடம் மாறினர். லக்னோவிலிருந்த வி.வி. கிரி திருவனந்தபுரம் வர, பூர்குலா லக்னோ சென்றார். உருதுவும் பாரசீகமும் அறிந்த அவருக்கு அவ்வூர் அயலூராக இருந்திராது. 1962இல் அப்பதவி முடிந்து, 1966 வரை ராஜ்ய சபையில் அங்கம் வகித்தார். 1967 செப்டம்பரில் காலமானார்.

அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் பாதுகாப்புகள் மீறப்பட்டன என்று 1969இல் தெலங்கானாவில் பெருங் கிளர்ச்சி எழுந்தபோது அவர் இல்லை. எங்கள் தந்தையாருக்கு அப்போது இருபத்தோரு வயது. அவ்வாண்டு மீண்டும் கதவடைத்து வீட்டிற்குள் இருந்த நாட்களைப் பற்றி அவர் சொன்னவை பல உண்டு. சங்கத்தார் இடமளித்தால் அடுத்த மலரில் எழுதுவேன்.