எச்.ஐ.வி. கூட்டு மருந்துகள்: பாதுகாப்பாக உட்கொள்ளும் முறையும் பக்க விளைவுகளும்

எச்.ஐ.வி. தொற்றுக்கான கூட்டு மருந்து சிகிச்சை (ஏ.ஆர்.டி.) 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் அரசு மையங்களின் வாயிலாகக் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகிறது. இச்சிகிச்சையை முறையாகத் தொடர்பவர்கள் பல்லாண்டுகள் உடல்நலத்துடன் வாழ்கின்றனர். எனினும், சிலர் தலைச்சுற்றல், உறக்கமின்மை, வயிற்றுக் கோளாறு போன்றவற்றைக் கண்டு அஞ்சி, எவரிடமும் கூறாமல் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். பக்க விளைவுகளுள் பெரும்பாலானவற்றை எளிதில் சரிசெய்யலாம். மருந்தை நிறுத்துவதால் நேரும் தீங்கு அவ்வளவு எளிதில் சரியாவதில்லை. எந்த விளைவைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு உடனே மருத்துவரை நாட வேண்டும், எந்த மருந்துகளைச் சேர்த்து உண்ணக் கூடாது என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

மருந்து எவ்வாறு செயல்படுகிறது?

எச்.ஐ.வி. கிருமி, நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கு அடிப்படையான சி.டி.4 அணுக்களுள் புகுந்து பெருகுகிறது. கூட்டு மருந்துகள் அப்பெருக்கத்தை வெவ்வேறு படிநிலைகளில் தடுக்கின்றன. கிருமியை உடலிலிருந்து முற்றிலும் அகற்றும் ஆற்றல் இம்மருந்துகளுக்கு இல்லை. எனவே சிகிச்சை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும்.

இரத்தத்தில் மருந்தின் அளவு குறையும்போது கிருமி மீண்டும் பெருகத் தொடங்கும். குறைந்த அளவு மருந்துக்கு இடையே பெருகும் கிருமி, அம்மருந்துக்குக் கட்டுப்படாத தன்மையைப் பெறக்கூடும். அதன்பின் அதே மாத்திரையை ஒழுங்காக உண்டாலும் பயன் கிட்டாது.

தற்போது வழங்கப்படும் மாத்திரை

பெரியவர்களுள் பெரும்பாலோருக்குத் தற்போது டி.எல்.டி. எனப்படும் ஒரே மாத்திரை நாளொன்றுக்கு ஒரு வேளை வழங்கப்படுகிறது. இதில் டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. ஆகிய மூன்று மருந்துகள் அடங்கியுள்ளன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், குழந்தைகள், முன்னர் வேறு சிகிச்சையில் இருந்தவர்கள் ஆகியோருக்கு மருந்துகள் மாறுபடும். ஒருவருக்குரிய மாத்திரையை மற்றவர் உண்ணுதல் கூடாது. கணவன் மனைவி இருவரும் சிகிச்சையில் இருந்தாலும் இது பொருந்தும்.

உட்கொள்ளும் முறை

• ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் உட்கொள்ளவும். இரவு உணவு, பல் துலக்குதல் போன்ற அன்றாடப் பழக்கம் ஒன்றுடன் இணைத்துக்கொண்டால் மறதி குறையும்.
• டி.எல்.டி. மாத்திரையை உணவுடனோ, உணவின்றியோ உண்ணலாம். ஆகவே விரத நாள்களிலும் நிறுத்த வேண்டியதில்லை. ரமலான் நோன்பு காலத்தில் நோன்பு திறந்த பின் உண்ணலாம்.
• மாத்திரைகளை அவை வந்த புட்டியிலேயே, மூடியை இறுக்கி வைக்கவும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை அகற்ற வேண்டாம். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து வைத்தால் ஈரத்தால் கெட்டுவிடும்.
• வெளியூர் செல்லும்போது தேவையான நாள்களைவிடச் சில நாள்களுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லவும். நீண்ட காலம் வெளியூரில் தங்க நேர்ந்தால், அருகிலுள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து பெற வழி உண்டா என முன்னதாகவே தங்கள் மையத்தில் கேட்டறியவும்.

ஒரு வேளை தவறினால்

நாளுக்கு ஒரு முறை உண்ணும் மாத்திரை தவறினால், 12 மணி நேரத்திற்குள் நினைவு வந்தவுடன் உண்ணவும். 12 மணி நேரம் கடந்துவிட்டால், அடுத்த வேளை மாத்திரையை மட்டும் உரிய நேரத்தில் உண்ணவும். ஈடுசெய்வதற்காக இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து உண்ணக் கூடாது.

சிகிச்சை முழுப் பயன் தர, 95 விழுக்காட்டிற்குக் குறையாமல் மருந்து உட்கொள்ள வேண்டும். 30 நாள்களில் இரண்டு மாத்திரைகள் தவறினாலே இது 93 விழுக்காடாகிவிடும். எஞ்சிய மாத்திரைகளை மையத்திற்கு வரும்போது அப்படியே கொண்டு வரவும். கண்டிப்புக்கு அஞ்சி அவற்றை எறிந்துவிட்டு வந்தால், கிருமியின் அளவு உயர்ந்திருப்பதைக் காணும் மருத்துவர், மருந்தே பயனற்றுப் போனதாகக் கருதி, தேவையின்றி அதை மாற்ற நேரிடலாம். உண்மையான எண்ணிக்கை தங்களைக் காக்கும்.

முதல் வாரங்களில் தோன்றும் விளைவுகள்

குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, சோர்வு ஆகியன தொடக்கத்தில் சிலருக்குத் தோன்றலாம். இவை பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். குமட்டல் உள்ளவர்கள் உணவுக்குப் பின் மாத்திரையை உண்டு பார்க்கலாம். உண்டவுடன் வாந்தியில் மாத்திரை வெளிவந்துவிட்டால், அடுத்து என்ன செய்வது என மையத்தைக் கேட்கவும்.

டோலுடெக்ராவிர் சிலருக்கு உறக்கமின்மையையும் தெளிவான கனவுகளையும் உண்டாக்கும். இரவில் உறங்க முடியவில்லை எனில், மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். நேரத்தை எவ்வாறு மாற்றுவது என்பதை மையத்தில் கேட்டு அறியவும். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் தோன்றினால் சிறிதும் தாமதியாமல் மருத்துவரிடம் கூறவும்.

சிகிச்சை தொடங்கிய முதல் மாதங்களில் புதிதாகக் காய்ச்சல், கழுத்துக் கட்டிகள், இருமல் ஆகியன தோன்றலாம். எதிர்ப்பு ஆற்றல் மீளும்போது, உடலில் மறைந்திருந்த காசநோய் போன்ற தொற்றுகள் வெளிப்படுவதே இதற்குக் காரணமாக இருக்கலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என முடிவு செய்து நிறுத்தாமல், உடனே பரிசோதனைக்கு வரவும்.

நீண்ட காலத்தில் கவனிக்க வேண்டியவை

டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பின் உறுதியையும் பாதிக்கக்கூடும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இவ்வாய்ப்பு மிகுதி. ஆகவே கிரியேட்டினின் பரிசோதனையை உரிய காலத்தில் செய்துகொள்வது இன்றியமையாதது. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற வலி நிவாரணிகளைக் கடைகளில் தாமாக வாங்கித் தொடர்ந்து உண்ணுதல் சிறுநீரகத்திற்கு இரட்டைச் சுமையாகும்.

டோலுடெக்ராவிர் உண்பவர்களுக்குச் சிறுநீரகம் பழுதடையாமலே கிரியேட்டினின் அளவு சிறிது உயர்வது உண்டு. ஆய்வக அறிக்கையில் அளவு கூடியிருந்தால், மாத்திரையை நிறுத்தும் முன் அறிக்கையை ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் காட்டவும். உடல் எடை கூடுதலும், சிலருக்கு இரத்தச் சர்க்கரை உயர்தலும் நேரலாம். மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவற்றைத் தெரிவிக்கவும்.

வேறு மருந்துகள் உண்பவர்களுக்கு:

• சிடோவுடின்: இரத்தசோகை உண்டாகலாம். மூச்சுவாங்குதல், வெளிறிய முகம், மிகுந்த களைப்பு இருந்தால் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். நகங்கள் கருத்தல் தீங்கற்றது.
• எஃபாவிரென்ஸ்: தலைச்சுற்றலும் கனவுகளும் வரலாம். படுக்கும் முன் உண்ணவும். கொழுப்பு மிகுந்த உணவுடன் உண்ண வேண்டாம்.
• அட்டசனாவிர்: கண்கள் மஞ்சளாகலாம். இது பெரும்பாலும் கல்லீரல் நோயன்று. எனினும் பரிசோதித்து உறுதி செய்தல் வேண்டும்.
• அபகாவிர்: முதல் வாரங்களில் காய்ச்சல், தோல் தடிப்பு, வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் ஆகியன சேர்ந்து தோன்றி, ஒவ்வொரு வேளைக்கும் மிகுந்தால் அது கடுமையான ஒவ்வாமையாக இருக்கலாம். இக்காரணத்தால் மருத்துவர் நிறுத்திய அபகாவிரை மீண்டும் ஒருபோதும் உண்ணக் கூடாது. உயிருக்கு ஆபத்தாக முடியும்.
• நெவிரபின்: கடுமையான தோல் தடிப்பும் கல்லீரல் பாதிப்பும் நேரலாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• கொப்புளங்களுடன் கூடிய தோல் தடிப்பு. வாய், கண், பிறப்புறுப்பில் புண்கள்
• முகம் அல்லது நாக்கு வீங்குதல், மூச்சுத்திணறல்
• கண் மஞ்சளாதலுடன் பசியின்மை, கடும் வாந்தி
• சிறுநீர் பெரிதும் குறைதல், கால் வீக்கம்
• நிற்காத வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு

இவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம். அவசர நிலையில் 108 ஊர்தியை அழைக்கவும். மாத்திரைப் புட்டியையும் சிகிச்சைக் கையேட்டையும் உடன் எடுத்துச் செல்லவும்.

சேர்த்து உண்ணக் கூடாதவை

டோலுடெக்ராவிர் அலுமினியம், மக்னீசியம், இரும்பு, சுண்ணாம்புச் சத்து ஆகியவற்றுடன் வயிற்றிலேயே பிணைந்து, உடலில் சேராமல் போய்விடும்.

• நெஞ்செரிச்சலுக்கான அமில நீக்கி மருந்து: அதை உண்பதற்கு 2 மணி நேரம் முன்போ, உண்டு 6 மணி நேரம் கழித்தோ டி.எல்.டி. உண்ணவும். எடுத்துக்காட்டாக, இரவு 9 மணிக்கு டி.எல்.டி. உண்பவர், அமில நீக்கியைப் பிற்பகல் 3 மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அல்லது இரவு 11 மணிக்குப் பின் உண்ணலாம்.
• இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள்: இதே இடைவெளி பொருந்தும். உணவுடன் எனில் சேர்த்து உண்ணலாம். வெறும் வயிற்றில் சேர்த்து உண்ணக் கூடாது.
• சித்த மருந்துகள்: அயச்செந்தூரத்தில் இரும்பும், சங்கு பற்பத்தில் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. இவற்றை உண்பவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் கூறவும்.
• மெட்ஃபார்மின்: டோலுடெக்ராவிர் இதன் அளவை இரத்தத்தில் உயர்த்தும். நாளொன்றுக்கு 1000 மி.கி. அளவைத் தாண்டலாகாது.
• வலிப்பு மருந்துகள்: கார்பமசெபின், ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டால் ஆகியன டோலுடெக்ராவிரின் அளவைக் குறைக்கும். இவற்றை உண்பவர் இரு மருத்துவர்களிடமும் தெரிவிக்க வேண்டும்.

காசநோய், ஹெபடைடிஸ் பி, கர்ப்பம்

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், டோலுடெக்ராவிரின் அளவைப் பெரிதும் குறைக்கிறது. ஆகவே காசநோய் சிகிச்சைக் காலத்தில் 12 மணி நேர இடைவெளியில் டோலுடெக்ராவிர் 50 மி.கி. தனி மாத்திரையாக மேலும் ஒரு வேளை வழங்கப்படும். காசநோய் மருந்து முடிந்த பின்னும் 2 வாரங்கள் இதைத் தொடர வேண்டும்.

டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் ஹெபடைடிஸ் பி கிருமியையும் கட்டுப்படுத்துகின்றன. அத்தொற்றும் உள்ளவர்கள் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், கல்லீரல் அழற்சி கடுமையாகி உயிருக்கே ஆபத்து நேரலாம்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சிகிச்சையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. கருவுற்ற பெண்களுக்கு டோலுடெக்ராவிர் தரப்படலாமா என்ற ஐயம் 2018இல் எழுந்தது. பின்னர் கிடைத்த விரிவான தரவுகளால் அவ்வச்சம் நீங்கியது. குழந்தைக்குத் தொற்று பரவாமல் காக்கும் முதல் அரண் தாய் உண்ணும் மருந்தே.

மருந்து பயன் தருகிறதா என அறிதல்

சிகிச்சை தொடங்கி 6ஆம் மாதத்திலும் 12ஆம் மாதத்திலும், பின்னர் ஆண்டுதோறும் வைரஸ் அளவு (வைரல் லோடு) பரிசோதனை செய்யப்படுகிறது. அளவு 1000க்கு மேல் இருந்தால், மாத்திரைகள் தவறியதற்கான காரணங்களை ஆற்றுப்படுத்துநருடன் பேசிச் சரிசெய்த பின் மறுபரிசோதனை செய்யப்படும். கண்டறிய இயலாத அளவுக்கு வைரஸ் குறைந்து, அந்நிலை நீடித்தால், உடலுறவின் வழியே துணைவருக்குத் தொற்று பரவாது. அந்நிலை மருந்தைத் தொடரும் வரை மட்டுமே நீடிக்கும்.

பராமரிப்போர் கவனத்திற்கு

மாத்திரை உண்டாரா எனக் குற்றம் காணும் தொனியில் கேட்பதைவிட, “இன்று உடம்பு எப்படி இருக்கிறது?” எனக் கேட்பது பயன் தரும். பசியின்மை, உறக்கமின்மை, மனமாற்றம் ஆகியவற்றை முதலில் காண்பவர் வீட்டில் உள்ளவரே. நோயாளியின் இசைவின்றி அவரது நிலையை உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ கூறலாகாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் இந்த இரகசியக் காப்பை உரிமையாக உறுதி செய்துள்ளது.

ஐயம் எழுந்தால்

தங்கள் ஏ.ஆர்.டி. மையத்தின் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆற்றுப்படுத்துநர் ஆகியோரிடம் தயங்காமல் கேட்கவும். தேசியக் கட்டணமில்லா உதவி எண் 1097. மருந்துகளால் நேரும் தீய விளைவுகளை நோயாளிகளே தெரிவிக்க 1800 180 3024 என்ற எண் உள்ளது. பக்க விளைவு எதுவாயினும், மருந்தை மாற்றவோ குறைக்கவோ வேறு வழிகள் உள்ளன. மருத்துவரைக் கேட்கும் வரை மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். கடும் ஒவ்வாமை அறிகுறிகள் தோன்றினால், அடுத்த வேளை வரும் முன்னரே மருத்துவமனையை அடையவும்.